குளிசையோடு ஒரு கந்தசஷ்டி

சுவிஸ் நாட்டின் துன் நகரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு, நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருந்தும் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். குளிசை மருந்துதானே, சாப்பாடு இல்லையே, விரதம் முறியாது என்று நினைத்து, வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு ஏரிக்கரையால் வேலைக்கு நடந்தேன். பாதி வழியில் இரத்தத்தில் சீனி இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருண்டது. கூட வந்த அறைத்தோழர் சிவம் அண்ணை, கோப்பிக்கென்று கோட்டுப் பையில் வைத்திருந்த சீனிக்கட்டிகளை என் வாயில் திணித்தார்.

நான் தெளிந்ததும், "இனி உமக்கு விரதம் வேண்டாம், விட்டிடும்" என்றார்.

"வீட்டை விட்டிட்டு வந்தனான், ஊரை விட்டிட்டு வந்தனான். இதையும் விடவோ அண்ணை?"

டொக்டரும் கூடாது என்றார். என் அரைகுறை ஜெர்மனில் வாதாடினேன். அவர் இறங்கிவரும் வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அவரே விரத நாட்களுக்குக் குளிசையைக் குறைத்து, மத்தியானச் சோறு கட்டாயம் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டேன்.

இப்போது டொக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்குவதில்லை. சாப்பிட்ட பிறகே நடக்கிறேன். பையில் சீனிக்கட்டி இருக்கிறது. நடுக்கம் வந்தால் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றே வாயில் போடுவேன். முருகன் கோபித்தால் நானும் அவரும் கதைத்துத் தீர்த்துக்கொள்கிறோம். இடையில் ஒருவரும் வரவேண்டாம்.