பாட்டின் கடைசியில் ஓர் இருமல்

வெளிநாட்டிலிருந்து வரும் ஒலிநாடாவை, கொழும்பின் எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை பெறுநருக்குக் கொடுக்கவோ கேட்கவிடவோ கூடாது. யுத்த காலத்தில் துறைமுகத்தடித் தபால் கந்தோரில் அந்த விதிக்குக் காவலாக இருந்தவன் நான்.

குடாவின் அக்கரையிலுள்ள கட்டைபறிச்சானிலிருந்து வள்ளமேறி வாராவாரம் ஓர் அம்மா வருவார். மெலிந்த உருவம், கடல்நீரில் நனைந்த சேலைக்கரை. கதிரையைக் காட்டினாலும் உட்காரமாட்டார். லண்டனிலிருந்து மகன் அனுப்பிய ஒலிநாடா என் அலுமாரியில் இருந்தது. பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் அது. மகனின் குரலைக் கேட்டு அவருக்கு ஆறு வருடம்.

"இங்கே எல்லாரும் பாடுகிற பாட்டு" என்று உறையில் எழுதியிருந்தது. விதிப்படி முதலில் நான் போட்டுக் கேட்டேன். ஆங்கிலேய ரொக் குழு ஒன்றின் பாட்டை வானொலியிலிருந்து பதிந்திருந்தான். அலறும் கிற்றார், அலுத்துப்போன ஒரு குரல். என் ஆங்கிலத்துக்குப் பொருள் பிடிபடவில்லை. "பாட்டு மட்டும், பேச்சு இல்லை" என்று கொழும்புக்கு அறிக்கை அனுப்பினேன்.

"மகன் என்ன சொல்லுறான் தம்பி?"

"அது மகன் இல்லையம்மா. வெள்ளைக்காரன் பாடுறான்."

"வெள்ளைக்காரன் எனக்கு ஏன் பாடோணும்?"

கதவைச் சாத்திவிட்டு ஒலிநாடாவைப் போட்டேன். அன்றுதான் அவர் கதிரையில் உட்கார்ந்தார். பாட்டு ஓய்ந்ததும் கையை உயர்த்தினார்.

"இந்தா, இருமுறான். அந்தக் குளிர் அவனுக்கு ஏலாது. எனக்கு இது போதும் தம்பி."

அவர் போனபின் பலமுறை போட்டுக் கேட்டேன். இருமலா, வானொலியின் கரகரப்பா, இன்றுவரை தெரியவில்லை. அறிக்கையையும் திருத்தவில்லை.

பிறகு வள்ளங்கள் ஓடவில்லை, அவரும் வரவில்லை. "பாட்டு மட்டும் என்பதால் கொடுக்கலாம்" என்ற கொழும்பின் பதில், அடுத்த தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்தது.