ஆரோக்கியத்தின் இடது கை

சென்ற புதன்கிழமை காலை காரிமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய சலீம் நேராக என் எலக்ட்ரிகல் கடைக்கு வந்தார். எங்கள் ராக் இசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அவர். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார்.

"ஆரோக்கியம் போயிட்டாருங்க" என்றார். "நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

எங்கள் கீபோர்டு கலைஞர் ஆரோக்கியசாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் எங்கள் குழுவைக் கேட்டவர்களுக்கு அவர் முகம் நினைவிருக்குமா என்று தெரியவில்லை. கிட்டாரோடு நான் முன்னால் நிற்பேன். அவர் மேடையின் ஓரத்தில், சபைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். கடத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. பெங்களூரிலிருந்து வந்த ராக் கேஸட்டுகளை நாங்கள் கேட்டு அப்படியே வாசிக்க முயன்றோம். அவரோ அவற்றைக் கேட்டுவிட்டுத் தன்னுடையதை வாசித்தார்.

அடிச்சுரம் பிடிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்த நண்பர் துபாய்க்குப் போனபின், கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. முடிந்ததும் பெங்களூர் இசைக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து தேடினார். "பேஸ் யாருங்க வாசிச்சது? ஆளையே காணோமே?" ஆரோக்கியம் கீபோர்டுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். "ஆள் இல்லீங்க. இடது கை சும்மாதானே இருந்துச்சு" என்றார். வலது கையில் மெட்டு, இடது கையில் இன்னொரு ஆள். கூடவே வாசித்த எனக்கே அன்றுதான் அது உறைத்தது.

அந்த மனிதர் சிபாரிசில்தான் எங்கள் சொந்தப் பாட்டைப் பெங்களூரில் பதிவு செய்தோம். நடுவில் ஆரோக்கியம் தனியாக வாசிக்கும் பகுதி வந்தது. அவர் ஒரே சுரத்தை அழுத்தி நிறுத்தினார். அடியில் நாங்கள் வாசிப்பது மாறிக்கொண்டே போக, அந்த ஒரே சுரம் ஒவ்வொரு முறையும் வேறு சுரமாகக் கேட்டது. பிறகு ஜெபம் போல மெல்ல இறங்கி, கரகரத்து உறுமி எழுந்தது. முடிந்தபோது சலீம் குச்சிகளைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

கேஸட் வெளிவந்தபோது அந்தப் பகுதி அதில் இல்லை. "பாட்டே இல்லாம இவ்ளோ நேரம் வாத்தியம் வந்தா, ஜனங்க ஓட்டி விட்டுருவாங்க" என்றார் வெளியிட்டவர். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், பலனில்லை. ஆரோக்கியம் கேஸட்டை முழுதாகக் கேட்டார். "விடுங்க. வாசிச்சப்ப நல்லா இருந்துச்சில்ல" என்றார். என் கிட்டார் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது.

அதன்பின் குழு ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தது. அவர் கடத்தூரில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் கீபோர்டு இல்லை. வாசிப்பதே இல்லையா என்று கேட்டேன்.

"கூட நாலு பேர் வேணுங்க. தனியா வாசிச்சா, கை எங்க போறதுன்னு தெரியாம நின்னுருது."

வேறு ஏதோ பேசினோம். பஸ் வரும்வரை கூட நின்றார்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார். ஆரோக்கியம் வாசிப்பை விட்ட பிறகுதான் அவர்களுக்குக் கல்யாணமானது.

"அண்ணா, அவரு நல்லா வாசிப்பாருங்களா? எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

"எங்க எல்லாருலயும் அவருதாம்மா பெரிய வித்வான்" என்றேன்.

"எப்படிங்க இருக்கும்?"

முனகிக் காட்ட முயன்றேன். என் தொண்டையில் வந்தது வெறும் மெட்டு. பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னும் வரும் என்பதுபோல ஸ்டெல்லா காத்திருந்தார்.

ஆரோக்கியத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, கேஸட்டில் இல்லாத அந்தப் பகுதிதான். கடையில் ஆள் வராத மதியங்களில் அது எனக்குள் முழுதாக ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை. அவர் வாசித்து நீங்கள் எதையாவது கேட்டிருந்தால், கடத்தூர்ப் பக்கம் போகும்போது அந்த வீட்டுக்குப் போங்கள். எப்படி இருந்தது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லுங்கள்.