எல்லாம் கறுப்பு ஒயர்

அர்பாப் சாலிம் அந்த வண்டியை வாங்கப் போன அன்று அழகுமலையையும் கூட்டிக்கொண்டு போனார். சோஹார் தொழிற்பேட்டையில் அவருடைய கராஜில் அழகுமலை டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. அர்பாப் என்றால் அந்த அரபு தேசத்தில் முதலாளி. விசா கொடுத்தவர் அர்பாப், சம்பளம் கொடுப்பவர் அர்பாப், லீவு கொடுக்க வேண்டியவரும் அர்பாப். ஆனால் ஒரு பழைய லாரியை வாங்குவதானாலும் அழகுமலை பானெட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவர் வாயைத் திறப்பார்.

இந்தத் தடவை லாரி இல்லை, சக்கரம் வைத்த வீடு. துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். பதினெட்டு வருடம் ஓடிய டீசல் வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ், துணி காயப்போட ஒரு கொடிகூட இருந்தது. அழகுமலை முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது என்று ஏமாற்றுகிறவர்கள் உண்டு. இன்ஜின் குளிர்ந்துதான் கிடந்தது. ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து புகையைப் பார்த்தார். டயர்களில் அச்சு நன்றாக இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படித்தால் ஒன்பது வருடத்துக் கிழடு. கூரையில் மழை ஒழுகியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய்க் கடைசியில் படுக்கைக்கு வந்துவிட்டார்.

இரண்டு பேர் படுக்கிற படுக்கை. தலைமாட்டில் ஆளுக்கொரு விளக்கு. கேம்ப்பில் ஆறு பேர் அறையில் மேல்கட்டிலில் கிடக்கிற மனிதர், அதன் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். மனைவி வடிவோடு தான் ஒரே வீட்டில் இருந்த நாள்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறுமா என்று நினைத்தார். எழுந்து வெளியே வந்து, "ஆறு டயரையும் மாத்தணும், ரேடியேட்டர் ஹோஸ் மாத்தணும், மற்றபடி இன்ஜின் சுத்தம்" என்று அரைகுறை இந்தியில் சொன்னார். "கலாஸ்" என்று பேரத்தை முடித்தார் அர்பாப். வண்டி கைமாறியது.

அர்பாபின் திட்டம் பெரியது. ஜூலையில் சலாலாவில் மழைக்காலம். மனைவி, ஆறு பிள்ளைகளோடு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் போய் அங்கே வண்டியை நிறுத்திக் குடியிருக்க வேண்டும். சுற்றிப் பார்க்கச் சின்ன வண்டி வேண்டுமே? அதற்கு வீட்டிலிருந்த பழைய ஜீப்பைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவது. கட்டுகிற வேலை அழகுமலையுடையது.

கயிற்றைக் கட்டி இழுக்கிற காரியம் இல்லை இது. பம்பரில் மாட்டினால் முதல் மேட்டிலேயே பம்பர் கையோடு வந்துவிடும். சேஸிஸ் சட்டத்தில் கனத்த தகடு வைத்து போல்ட் போட்டு, அதில் கொக்கி. கொக்கி விட்டுப்போனாலும் பிடிக்க இரண்டு சங்கிலி. முன்வண்டி பிரேக் பிடித்தால் ஜீப்பின் பிரேக்கையும் அமுக்க ஒரு பெட்டி. இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் ஜீப்பிலும் எரிய ஒயர். சலாலாவுக்கு முன்னால் மலை இறக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜீப்பின் பிரேக் பிடிக்காவிட்டால் அது முன்வண்டியைத் தள்ளிக்கொண்டே கீழே போகும். உள்ளே ஆறு பிள்ளைகள். அழகுமலை ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினார்.

வேலை சுத்தம். ஆனால் ஒயர் மொத்தமும் கறுப்பு.

இது மறதியோ சிக்கனமோ இல்லை. அந்தப் பேட்டையில் விவரம் தெரிந்த மெக்கானிக் எவனும் அப்படித்தான் ஒயர் இழுப்பான். சிவப்பு, பச்சை என்று நிறம் பிரித்துப் போட்டால் நாளைக்கு எவன் வேண்டுமானாலும் கழற்றி மாட்டிவிடுவான். எல்லாம் கறுப்பாக இருந்தால் போட்டவனைத்தான் கூப்பிட்டாக வேண்டும். விசாவையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். இதே கராஜில் ஏசி வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒருவர் இரண்டு பேருக்கு நல்ல மனதோடு தொழில் கற்றுக்கொடுத்தார். ஆறே மாதத்தில் அந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை விமானத்துக்கு ஏற்றிவிடப் போனதே அழகுமலைதான். அன்றைக்குப் பூட்டிய வாயை அவர் திறக்கவே இல்லை.

ஜூன் மாதம் மணிமாறன் போன் செய்தான். அழகுமலைக்கு ஒரே மகன். அவர் விமானம் ஏறியபோது அவனுக்கு நாற்பது நாள்.

"அப்பா, விசா வந்துருச்சு. குவைத்து. மங்காஃப்ல ரூம் குடுப்பாகளாம். ஜூலை இருபது டிக்கெட்டு."

"எட்டாம் தேதி எனக்கு லீவுய்யா. பன்னெண்டு நாள் இருக்குல்ல" என்றார் அழகுமலை. மூன்று வருடமாக லீவு போகாமல் சேர்த்து வைத்த லீவு அது.

அந்தப் பன்னிரண்டு நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அப்பனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு, மகனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. எந்த மாதம் என்று முடிவு செய்வது இரண்டு தேசத்து இரண்டு முதலாளிகள். பக்கத்து கேம்ப்பில் அறந்தாங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார், மகன் தோஹாவில். இவர் ஊருக்குப் போகும்போது அவன் தோஹா திரும்பியிருப்பான், அவன் ஊருக்குப் போகும்போது இவர் இங்கே திரும்பியிருப்பார். நேரில் பார்த்து ஏழு வருடமாகிறது.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி அழகுமலை லீவுக் காகிதத்தோடு அர்பாப் முன்னால் போய் நின்றார். அர்பாப் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து வைத்தார். சலாலா போய் வந்த பிறகு போ, மூன்று மாதமாகவே எடுத்துக்கொள் என்றார். வழியில் ஒரு விளக்கு எரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

"அருள்ராஜ் இருக்கான். நல்ல டிரைவர்" என்றார் அழகுமலை.

அருள்ராஜ் மார்த்தாண்டத்துக்காரர், கராஜின் கனரக டிரைவர், கொஞ்சம் மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். எட்டு வருடமாக அழகுமலையிடம் தொழில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர். அர்பாப் கூப்பிட்டதும் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். எழும்போதே சிரிப்பு.

"எல்லாம் கறுப்பு ஒயருல்லா ஓய்! இது ஒமக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எனக்கு மாஃபி மாலும்."

தெரியாது என்கிற அந்தக் கடைசி இரண்டு சொல்லும் அர்பாபுக்காகச் சொன்னது. அர்பாப் அழகுமலையைப் பார்த்துக் கையை விரித்தார். அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார்: அருள்ராஜுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடு, நீ கூட இல்லாமல் அவன் ஜீப்பைக் கட்டி புரைமி மலைப்பாதை வரை போய்த் திரும்பட்டும், மறுநாளே பாஸ்போர்ட்டைக் கையில் தருகிறேன்.

அன்று கேம்ப்பில் சோறு இறங்கவில்லை. சுற்றிலும் ஐந்து பேர், ஐந்து பேர் காதிலும் ஹெட்போன். யோசனை கேட்க ஆளில்லை. தொழிலைக் காட்டிக்கொடுத்தால் பஞ்சாபிக்காரர் கதிதான். காட்டாவிட்டால் மகன் இல்லை. இருபத்தொரு வருடமாகத் தன்னைத் தவிர ஆளில்லை என்று ஆக்கி வைத்ததற்குப் பலன் இதுதானா என்று வெறுத்துப் போனார். விடிந்ததும் நேரே சுஐபு கடைக்குப் போனார். தொண்டிக்காரரான சுஐபு அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார்.

"சிவப்பு, மஞ்ச, பச்ச, நீலம், எல்லாத்துலயும் ஒவ்வொரு சுருள் குடுங்க பாய்."

"என்னண்ணே, நம்ம கடையில கறுப்ப விட்டா வேற எதையும் தொட மாட்டீங்களே? வீட்டுல விசேஷமா?" என்றார் சுஐபு.

"ஆமா பாய், விசேஷந்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி இழுத்தார். ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதிய ஒட்டு. அருள்ராஜைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது எங்கே போகிறது, எந்தச் சங்கிலி எதன் மேல் குறுக்கே வரவேண்டும், பிரேக் பெட்டியை எப்படி வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது சட்டையைக் கழற்றிக் கொடுப்பதுபோல் இருந்தது அவருக்கு. அருள்ராஜ் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். பத்து நாள்.

எல்லாம் சொன்னார். ஒன்றைத் தவிர.

அந்த ஜீப்பில் கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பு உண்டு. இழுத்துக்கொண்டு போகும்போது அதை நியூட்ரலில் போடவேண்டும். போட்டால் சக்கரம் தனியாகச் சுற்றும், கியருக்குச் சேதமில்லை. இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், அந்தக் கிழட்டு ஜீப்பில் கம்பு நியூட்ரலில் நின்றாலும் உள்ளே கியரின் பல் விடுபட்டிருக்காது. இறங்கி நின்று ஜீப்பை ஒரு முழம் தள்ளிப் பார்க்கவேண்டும். நகர்ந்தால் சரி, நகராவிட்டால் மறுபடி போடவேண்டும். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே, லீவு முடிந்து திரும்பி வர ஒரு காரணம் வேண்டாமா என்று விழுங்கிவிட்டார்.

ஜூலை ஏழாம் தேதி அருள்ராஜ் தனியாகக் கிளம்பினார். நாற்பதாவது கிலோமீட்டரில் பின்னால் சத்தம் கேட்டு நிறுத்தினார். ஜீப்புக்கு அடியில் எண்ணெய் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. கியர் பெட்டி உடைந்துவிட்டது.

அர்பாப் அருள்ராஜைத்தான் திட்டினார். எல்லோரும் பார்க்க, கழுதை என்றே சொன்னார். அழகுமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அர்பாப் போனதும் அருள்ராஜ் பக்கத்தில் வந்தார்.

"கம்ப நான் சரியாத்தான் போட்டேன். என்னமோ ஒண்ணு விட்டுப்போச்சு. நீரு மறந்தீரா, இல்ல வச்சுக்கிட்டீரா?"

"வச்சுக்கிட்டேன்" என்றார் அழகுமலை.

அருள்ராஜ் அடிப்பார் என்றுதான் நினைத்தார். அவர் அடிக்கவில்லை. "ஒம்ம பையன் போறதுக்கு எத்தன நாளு இருக்கு ஓய்?" என்று மட்டும் கேட்டார். பதிமூன்று என்றார் அழகுமலை.

அழகுமலை அர்பாபின் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். அர்பாப் சத்தம் போடவில்லை. ஜீப் ஓடினால் போ, இல்லாவிட்டால் மாஃபி லீவு என்றார். ஷார்ஜா பழைய சாமான் சந்தையிலிருந்து கியர் பெட்டி வர ஏழு நாள் பிடித்தது. அந்த ஏழு நாளும் அழகுமலை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததும் அவரும் அருள்ராஜுமாக வெயிலென்று பார்க்காமல் மூன்று நாளில் மாட்டினார்கள். தள்ளிப் பார்ப்பதை இந்தத் தடவை முதலிலேயே சொன்னார். பதினெட்டாம் தேதி அருள்ராஜ் புரைமி போய்த் திரும்பினார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, எல்லா விளக்கும் எரிந்தது. பத்தொன்பதாம் தேதி பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருச்சியில் இறங்குகிற டிக்கெட்தான் கிடைத்தது. அதே திருச்சியிலிருந்து மகனுக்குக் காலை பதினொரு மணி விமானம். எட்டு மணிக்கு உள்ளே போய்விட வேண்டும்.

அழகுமலை இறங்கியபோது ஏழு பத்து. குடியேற்ற வரிசையில் அரை மணி நேரம். பெட்டி வருகிற பெல்ட் இன்னும் சுற்றவே ஆரம்பிக்கவில்லை. பெட்டியாவது மண்ணாவது என்று வெறுங்கையோடு வெளியே ஓடினார். புறப்படுகிறவர்கள் வாசல் மேல்தளத்தில் இருந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கியது.

வாசலில் வடிவும் ஓர் ஆளும் நின்றார்கள். அந்த ஆள்தான் மணிமாறன். மூன்று வருடமாகப் போனில் முகம் மட்டும் பார்த்திருந்தவருக்கு, அவன் தன்னைவிட இரண்டு விரல் உயரமாகிவிட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் குனிந்து காலைத் தொட்டான். அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். பிடித்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க?"

"ம்."

என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தார். "பாஸ்போர்ட்ட சட்டப் பைல வைக்காத" என்றார். அவன் சரி என்றான். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். "போயிட்டு வாரேன்ப்பா. அம்மாவப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மகன் உள்ளே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை கையாட்டினான். அப்புறம் கூட்டத்தில் தெரியவில்லை.

அழகுமலை அழுதார். இருபத்தொரு வருடத்தில் கேம்ப்பில் யாருக்கும் காட்டாத அழுகை, அத்தனை பேர் போய் வருகிற வாசலில் வந்தது. வடிவு அவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். காவலரிடம் கெஞ்சிப் பெட்டியை மீட்டு வர ஒரு மணி நேரமானது. கார் கீழே காத்துக்கொண்டிருந்தது.

"அவனக் கொண்டாந்து விடவும் ஒங்களக் கூட்டிட்டுப் போகவும் தனித்தனியா காரு புடிக்கணுமோன்னு நெனச்சேன்" என்றாள் வடிவு. அவரைத் தேற்றத்தான் சொன்னாள். "நல்ல வேளைங்க, ஒரே வாடகையில முடிஞ்சுருச்சு."

அழகுமலை சரி என்று தலையாட்டினார். அவருக்கு அறுபது நாள் லீவு இருந்தது.