சித்தப்பாவின் முகத்தில் ஏன் தாடி இருந்தது

பாப்பா, சின்னவனே, உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சித்தப்பாவின் முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூடவே படிக்கட்டும். அப்பா பத்தாவது வரை படித்தவன், கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைனில் நின்றவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் சித்தப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு மேலான தாடி. கூட்டத்தில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "ஒம்போது வருசம் பாத்தானாம். கடைசில ஒரு ஷேவிங் பண்ணிவுட முடில பாரு." பாப்பா, காலேஜ் விடுதியிலிருந்து ஓடிவந்த நீயும் கேட்டாய்: "ஏம்ப்பா இப்டி வுட்டுட்ட?" ஒரு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

சித்தப்பா வல்லக்கோட்டை போகும் வழியில் உள்ள நம் ஊரில் பிறந்தார். என்னைவிட நான்கு வயது சிறியவர். எங்கள் அப்பாவின் நிலம் கம்பெனிக்குப் போனபின் நான் அதே கம்பெனிகளில் வேலை தேடினேன். அவர் தேடவில்லை. விடியுமுன் ஏரிக்கரையில் ஓடினார். பன்னிரண்டாவது முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். லீவில் வந்தால் காலை டீ குடிக்குமுன்பே முகம் மழித்து, துணி தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார். "இன்னாடா, வூட்லயும் பரேடா?" என்று கேட்டால், "நீ மொதல்ல சட்டைப் பட்டன ஒழுங்கா போடுண்ணா" என்பார்.

மலைப்பாதையில் அவர் போன ராணுவ வண்டி உருண்டது. கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது. பல மாத ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்தபோது, மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது கையைத் தோளிலிருந்து தூக்க முடியும், விரல்கள் மடங்கியபடியே இருக்கும். இடது கையைத் தூக்கவும் முடியாது. நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டாரைக் கூப்பிட்டு, வேறு இடம் பாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஷிப்ட் முடித்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒருநாள் ஓ.டி. முடித்து வந்து பார்க்கிறேன், இடுப்பில் கையகலத்துக்குத் தோல் கருத்துப் பிளந்திருக்கிறது. வலி தெரியாததால் அவரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது. நான் வேலையை விட்டேன். உங்கள் அம்மா கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போனாள். அப்பா வீட்டில் இருக்கிறார், அம்மா வேலைக்குப் போகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் உங்களைக் கிண்டல் செய்தது எனக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்கு ஊன ஓய்வூதியம் வந்தது. அதுபோக, எப்போதும் ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டிய நிலையில் உள்ள வீரர்களுக்கு உதவியாளர் படி என்று தனியாக ஒன்று உண்டு. ராணுவ மருத்துவக் குழு பார்த்து, ஆள் தேவை என்று எழுத வேண்டும். அது கிடைத்தால் தூக்கிப் புரட்ட ஓர் ஆளை வைக்கலாம், நான் மறுபடி வேலைக்குப் போகலாம், பாப்பா படிப்பை நிறுத்த வேண்டியிருக்காது. இதைத்தான் நானும் அம்மாவும் தினமும் பேசிக்கொண்டிருந்தோம்.

மருத்துவக் குழுவுக்குப் போன நாளில் நான் செய்ததைக் கேளுங்கள். ஆபீசர்கள் முன்னால் போகிறார் அல்லவா. விடியற்காலையில் எழுந்து குளிப்பாட்டினேன். மழித்தேன். நீலக் கோட்டு, பதக்கம், பாலிஷ் போட்ட ஷூ. அவரால் தானாக உட்கார முடியாது, முன்னால் சரிந்துவிடுவார். கம்பெனியில் கழித்த சீட் பெல்ட் துண்டு ஒன்றை சூப்பர்வைசர் கேட் பாஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அதை மார்போடு சுற்றி, சக்கர நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் மாட்டி, மேலே கோட்டைப் போட்டுவிட்டேன். கூர்ந்து பார்த்தாலொழிய வெளியே தெரியாது.

"இன்னாண்ணா, எனக்குப் பொண்ணு பாக்கவா போறோம்?" என்றார்.

"அசையாம ஒக்காரு, டை கோணிக்கினு கீது" என்றாள் உங்கள் அம்மா.

இந்த மலரின் அட்டையில் இருக்கும் படம் அன்று வாசலில் எடுத்ததுதான். கோட்டின் இரண்டாவது பட்டன் பக்கத்தில் கருப்பாக ஓர் ஓரம் தெரியும், பாருங்கள். அதுதான் அந்தப் பெல்ட்.

உள்ளே நுழைந்ததும் சித்தப்பா வலது கையைத் தூக்கி, மடங்கிய விரலோடு நெற்றிவரை கொண்டுபோய் சல்யூட் வைத்தார். டாக்டர் ஆபீசரும் எழுந்து பதில் சல்யூட் வைத்தார். எனக்குப் பெருமையில் கண்ணீர் வந்தது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார்" என்றார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. ஆதாரமின்றி நிமிர்ந்து உட்கார முடிகிறது. வலது கையைப் பயன்படுத்த முடிகிறது. உடல் சுத்தமாகவும் புண்ணின்றியும் உள்ளது. நிரந்தர உதவியாளர் தேவையில்லை.

அதை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயாவிடம் ஓடினேன். முன்னாள் வீரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"எப்டி கூட்டினு போனே?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாப்ள மாதிரி ஜோடிச்சிக்கினு போய்ட்டு, இவருக்கு ஆளு வேணும்னா எவன்யா எழுதுவான்? அவுரு தானா குளிச்சி தானா ஷேவ் பண்ணிக்கினு வந்தாருன்னு நெனச்சிட்டாங்க. பெல்ட்டக் காட்னியா?"

"இல்லீங்க ஐயா. கோட்டுக்குள்ள இருந்திச்சி."

"கூடவே இருக்கிற ஆளு நீதான்யா, நீயே ஒன்ன மறச்சிட்டியேப்பா."

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்து மறுபரிசோதனைக்கு நாள் வந்தது. ஹவில்தார் ஐயா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: கோட்டு வேண்டாம், பெல்ட் வேண்டாம், சரிந்தால் சரியட்டும். பத்து நாள் முன்னாலிருந்தே மழிக்காதே. கேட்டால், மழித்துவிட ஒரு ஆளு வேணும் ஐயா, என்று சொல்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நா அப்டி வர மாட்டேன்ணா."

"டேய், பத்து நாளுதானேடா."

"பத்து நாளோ பத்து நிமிசமோ. ஆபீசர் முன்னாடி தாடியோட போய் நின்னதே இல்ல நானு."

"இப்ப மட்டும் நிக்கவா போற?" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே, அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் கோபப்படவில்லை. "அதுவும் கரெக்ட்டுதான்" என்றார். பிறகு, "சரிண்ணா. பாப்பா படிக்கட்டும். ஆனா அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிடு" என்றார். கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். சின்னவனே, கண்ணாடி எங்கே என்று நீ கேட்டாய். உடைந்துவிட்டது என்று சொன்னேன்.

பத்து நாள் ஆனது. போவதற்கு முந்தின நாள் மதியம் போன் வந்தது. குழு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, புதுத் தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். தண்ணீரும் ரேசரும் எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பாதான் யோசித்தார். "அடுத்த வாரமே கூப்ட்டா இன்னா பண்ணுவ? இருக்கட்டும் வுடு." நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தாடி அரிக்கும், அவரால் சொறிய முடியாது. என்னைக் கூப்பிட்டு, "இடது பக்கம்ணா, இன்னும் கொஞ்சம் கீழ" என்பார். யாராவது வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு மாதம் அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் போன் மணிக்காகவே காத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் சிறுநீர்க் குழாயில் கிருமி ஏறி, குளிரும் காய்ச்சலும் வந்தன. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சுவிடக் குழாய் வைக்க வேண்டும், தாடியை எடுக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது நான் இரண்டு நொடி தயங்கினேன். தேதி வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் என் புத்தி போயிற்று. அதற்குள் அவர்கள் ஒட்டும் டேப்பைச் சுற்றி வேறு விதமாக வைத்துவிட்டார்கள். அந்தத் தாடியோடுதான் சித்தப்பா போனார். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் மழிக்க ஆள் வந்தார். என் கைதான் அவரைத் தடுத்தது. உயிரோடு இருக்கும்போது செய்யாததை அப்போது ஊர் பார்க்கச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சரியோ தவறோ, அதுதான் நடந்தது.

மனுதாரர் இறந்துவிட்டபடியால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று ஆறு மாதம் கழித்து ஒரு வரி வந்தது. அவருக்கு ஆள் தேவைப்பட்டது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆதாரமின்றி உட்கார்ந்தார் என்றுதான் இருக்கிறது. பாப்பா, நீ ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு லைனில் நிற்கிறாய்.

எந்த நேரம் கூப்பிட்டாலும் லோடு வண்டியில் மெத்தை விரித்து வந்த பென்னலூர் அண்ணன், ஷிப்ட் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவந்து தூக்கிவிட்டுப் போன பழைய லைன் நண்பர்கள், இரண்டு வருடம் மனு எழுதியும் என் கையிலிருந்து ஒரு டீக்கு மேல் வாங்காத ஹவில்தார் ஐயா, புண்ணுக்கு மருந்து கட்டச் சொல்லிக் கொடுத்த தெருக்கோடி நர்ஸ் அக்கா, கேன்டீனில் காய் நறுக்கிய கையோடு வந்து அவருக்கு ஊட்டிவிட்ட உங்கள் அம்மா, இவர்கள் எல்லோருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். குறை சொன்னவர்கள்மேலும் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் உங்களைப் பள்ளிக்கும் விடுதிக்கும் அனுப்பினேன். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினேன். பிறகு சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெல்ட்டை மார்போடு சுற்றி, இரண்டு முனையையும் முதுகுப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டப் பார்த்தேன். எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. பலகையைச் சுற்றி எட்டவில்லை. தோள் வலிக்கும்வரை பார்த்தேன். பின்னால் நின்று மாட்டிவிட வீட்டில் யாருமில்லை. பெல்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, எதிரே கண்ணாடியில் தெரிந்த என் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.