சிங்க வாய்க் குழாய்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. விடிந்ததும் அடுப்பில் ஏற்றினால் உச்சிப்பொழுதிலும் விதை விதையாகவே கிடக்கும். தலைக்கு ஊற்றிக்கொண்டால் முடி தேங்காய் நாராகிவிடும். பாகூரில் மற்ற வீடுகளிலெல்லாம் நல்ல கிணறு இருக்க, எங்கள் மனையில் மட்டும் எங்கே தோண்டினாலும் உவர்தான்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவன். அதனால் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஏம்பலத்திலிருந்து வாழவந்த என் மனைவிக்குத்தான் தெரிந்தது. கல்யாணமான மறுநாள் காலையில் வாய் கொப்பளித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெண் கொடுப்பதற்கு முன்னால் அவள் வீட்டார் நிலத்தைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், போகிற போக்கில் என்னைக்கூடப் பார்த்தார்கள். கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கம்பக்கத்து வீடுகளில் தினமும் தண்ணீர் கேட்டு நிற்க மனமில்லாமல், அன்றிலிருந்து ஏரிக்கரைப் பொதுக் கிணற்றுக்கு நடந்து போய்க் குடம் குடமாகச் சுமந்தாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் சுமந்தாள். ஆண்பிள்ளை குடம் தூக்கினால் ஊர் சிரிக்குமே என்று, நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஊர் அதற்கும் சிரித்தது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர, புது வேட்டி கட்டி, தாம்பாளம் நிறையப் பழங்களோடு ஏம்பலம் போனேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதன் அம்மா பிடிகொடுக்கவில்லை.

"இன்னாங்க, எம்புள்ளைய அந்த உப்புத் தண்ணில குளிப்பாட்ட மாட்டேன். வூட்ல நல்ல தண்ணி வரட்டும். அன்னிக்கு ஆள் அனுப்புங்க, வரேன்."

மாமனாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பாகூரைச் சுற்றிய எங்கள் கொம்யூன் ஊர்களில் வசதியுள்ள நிலக்காரர்கள் சிலர் ஆழத்துக்கு இரும்புக் குழாய் இறக்கியிருந்தார்கள். இறைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். அதே மாதிரி நானும் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, வில்லியனூர்ப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியையும் அவர் ஆட்களையும் கூட்டிவந்தேன்.

பனைமரத் துண்டுகளால் முக்காலி கட்டி, கப்பியில் கயிற்றை மாட்டி, கனத்த இரும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். "ஏலேலோ" சத்தத்தில் எங்கள் பசு பால் மறுத்தது. துளை இறங்க இறங்கக் குழாயை ஒன்றோடொன்று முறுக்கி உள்ளே விட்டார்கள். மேலே வந்த மண்ணைக் கொட்டிய இடத்தில்தான் நான் குடியிருந்தேன். என் வேலை, அதை நாக்கில் வைத்து உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. யாரும் என்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. செம்மண், களி, சிப்பி கலந்த மணல் என்று எல்லாவற்றையும் ருசி பார்த்தேன். மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார்:

"நாங்க தண்ணிக்குத் தோண்டுறோம். நீங்க இன்னாத்துக்கு அய்யா மண்ணத் தின்னுக்கினு கீறீங்க? வூட்ல சோறாக்க ஆள் இல்லியா?"

இல்லைதான். அதனால்தானே இத்தனையும். ஆனால் அதைச் சொல்லவில்லை. வாயில் மண் இருந்தது.

கறுப்புக் களியைத் தாண்டி வெள்ளை மணல் வந்த அன்று, குழாய்க்குள் குடலைப் புரட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முதலில் சேறு வந்தது. பிறகு கலங்கல். அப்புறம் தெளிந்த தண்ணீர், என் கணுக்கால் உயரத்தில் இருந்த குழாய் வாயில் குபுகுபுவென்று வழிந்து நாலாபக்கமும் ஓடியது. அள்ளிக் குடித்தேன். லேசான வெதுவெதுப்பு, கொஞ்சம் இரும்பு வாடை, மற்றபடி இளநீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி பார்க்காமலிருக்க முகத்திலும் தண்ணீரை அடித்துக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி நல்ல நாள், எல்லாரும் வரவேண்டும் என்று அன்றே ஏம்பலத்துக்கு ஆள் போனான். மேஸ்திரியும் முக்காலியைப் பிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் தெருவோடு போன ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னாபா, வாய்க்கா ஒடச்சிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த தண்ணீர், உடைந்த வாய்க்கால் மாதிரி தரையில் நெளிவதா? புதுச்சேரிப் பட்டணத்தில் ஒரு துரை வீட்டுத் தோட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். தூணில் சிங்க முகம், அதன் வாயிலிருந்து தண்ணீர் வளைந்து விழும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் வாழ்வு வருவதற்கு முன்பே குடை பிடித்தவன். பாக்கி இருந்தது சிங்கம்தான்.

கொத்தனாரை வரவழைத்தேன். குழாயின் மேல் இன்னொரு குழாயை முறுக்கி, அதைச் சுற்றி என் தலை உயரத்துக்குத் தூண் எழுப்பி, உச்சியில் காரையால் சிங்க முகம் வைத்தார். மீசை கொஞ்சம் தூக்கலாகிவிட்டதால் சிங்கம் எங்கள் ஊர்த் தலையாரியின் ஜாடையில் இருந்தது. காரை காய்கிற வரை ஈரம் படக்கூடாது என்று சிங்கத்தின் வாயில் கட்டையும் தேங்காய் நாரும் வைத்து அடைத்தோம். விசேஷத்தன்று திறப்பதாக ஏற்பாடு. அவ்வளவு உயரம் வருமா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்: பாதாளத்திலிருந்து தானாக ஏறிவந்த தண்ணீருக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறுவது ஒரு சிரமமா? யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மேளம் வைத்திருந்தேன். கொம்யூன் தலைவரான மேரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்திருந்தேன். அவர் கோட்டும் பளபளக்கும் சப்பாத்துக் காலுமாக வந்து நின்றார். ஏம்பலத்து வண்டியும் வந்தது. மாமனார், மாமியார், மடியில் குழந்தையோடு என் மனைவி. முதல் தண்ணீர் பிடிக்க மாமியார் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, மேளம் உச்சத்துக்குப் போனபோது மேர் கட்டையைப் பிடுங்கினார்.

சிங்கத்தின் வாயிலிருந்து ஒரு நார்த்துணுக்கு விழுந்தது. அவ்வளவுதான்.

மேளக்காரர் வரும் வரும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அடித்தார். பிறகு அவருக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டார். மேர் மரியாதைக்குக் கைதட்டினார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

"மாப்ள, சிங்கத்துக்கே தாகமா இருக்கும்போல இருக்கே" என்றார் மாமனார்.

மாமியார் சொன்னது ஒரே வார்த்தை. "ஏறுடி."

மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினாள். சந்தனமும் மாலையுமாக அவள் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தேன். அந்த வண்டி போனால் மறுபடி எந்த முகத்தோடு ஏம்பலம் போவேன்? கண்ணேறு பட்டுவிட்டது, இன்னொரு பூசணிக்காய் கொண்டுவாங்கடா என்று கத்தினேன்.

அவள் நின்றாள். திரும்பி வந்து தூணில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள தண்ணி இருக்குது போல. மொதல்ல எந்த மட்டுக்கு வந்துச்சு?"

கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன்.

"அது வழிஞ்சிக்கினுதான இருந்துச்சு? அதுக்கு அவ்ளோ ஒசரம் ஏறத்தான் தெம்பு. அப்புறம் இன்னாத்துக்கு மேல ஏத்துனீங்க?"

"தெருவுல போறவங்க பாக்கட்டும்னு" என்றேன்.

"தெருவுல போறவங்களா வந்து குளிப்பாட்டப் போறாங்க எம்புள்ளைய?"

மாலையைக் கழற்றிச் சிங்கத்தின் கழுத்தில் போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துத் தூணின் அடியில் ஓங்கிப் போட்டேன். ஈரம் காயாத காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கொத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். செங்கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுக் குழாயில் கயிற்றைச் சுற்றிக் கழியைச் செருகி, மேளக்காரரையும் சேர்த்து நாலு பேராக முறுக்கினோம். முறுக்கு அவிழ்ந்த இடத்தில் முதலில் கசிந்தது. அடுத்த சுற்றில் பீய்ச்சி அடித்து என் வேட்டியையும் மேரின் சப்பாத்தையும் நனைத்தது. சிங்கம் குழாயோடு சாய்ந்து என் மடியில் விழ, நான் சேற்றில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், பழையபடி குபுகுபுவென்று தண்ணீர் வழிந்தது.

மனைவி குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்தாள். குடத்தை வாங்கிக் குழாய்க்குப் பக்கத்தில் குந்தினாள். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். கொப்பளிக்கவில்லை, விழுங்கினாள். என்னையும் என் மடியிலிருந்த மீசைக்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு குடம் நிரம்பும் வரை குனிந்தே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது.

பிறகு எழுந்து குடத்தை இடுப்பில் வைக்கப் போனாள். என்ன தோன்றியதோ, நான் சிங்கத்தைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தனை பேர் பார்க்க, அந்தக் குடத்தை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். ஊர் சிரித்தது. மேர்கூடச் சிரித்தார். அவள் தாயிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, மாடு பூட்டிய வண்டி ஓரம் நின்ற மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, மாட்ட அவுத்துக் கட்டுங்க."