ஒரு சொட்டு சேனை

லோகநாயகி சிஸ்டரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். சிதம்பரத்தில், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளையின் குதிகாலில் வலிக்காமல் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினால் அதைவிட ஆபத்து, மூளையையே பாதித்துவிடும். புதிதாக வரும் பெண்களிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருப்பாள்: "கையக் கழுவிட்டுத் தொடுங்கடி. குளுக்கோஸ் பட்ட கையோட குத்தினா மிஷின் பொய் சொல்லும்." அதை ஏன் அவ்வளவு கடுப்பாகச் சொல்கிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பிச்சாவரம் பக்கத்திலிருந்து மாலதி என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஏழாம் மாசத்திலேயே பிரசவம். ஆண் பிள்ளை, ஒன்றே கால் கிலோ. மூன்றாம் நாள் காலை வார்டில் பாதிப் பேர் லீவு. லோகநாயகி அவசர அவசரமாக டிரிப் பாட்டிலை மாற்றினாள். கையில் குளுக்கோஸ் வழிந்தது. துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே குதிகாலைப் பிடித்துக் குத்தினாள். மிஷின் இருநூற்று நாற்பது என்றது. டாக்டர் அதை நம்பி டிரிப்பில் போகிற குளுக்கோஸைக் குறைத்தார். மூன்று மணி நேரத்தில் பிள்ளைக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்தால் சர்க்கரை பத்தொன்பது.

"காலையில மட்டும் எப்படி அவ்ளோ ஜாஸ்தியா வந்துச்சு? யாராவது எதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

மாலதி உண்மையைச் சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணன் பக்கிரி, படகு ஓட்டுகிற மனுஷன். தாய்மாமன் கையால் சேனை வைக்காமல் பிள்ளை போய்விடக் கூடாதே என்று, சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வாசலில் நின்று அவளிடம் கொடுத்திருக்கிறார். அவள் பிள்ளையின் உதட்டில் ஒரு சொட்டு தொட்டு வைத்திருக்கிறாள்.

ஒரு சொட்டுக்கு இருநூற்று நாற்பதா! காலையில் விரல் பிசுபிசுத்தது லோகநாயகிக்குச் சட்டென்று நினைவு வந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம். விழுங்கியதோடு விட்டாளா? "படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா, கேட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் மாலதியையே பிடித்துத் திட்டினாள். அடிப்பாவி!

அதற்குப் பிறகு லோகநாயகி இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள்; பிள்ளை பிழைத்துக்கொண்டது. சேரன் என்று பேர் வைத்தார்கள்.

போன மாசம் லோகநாயகிக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. அங்கே கை கால் வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மையத்துக்கு ஏதோ வேலையாகப் போனவள், வராந்தாவில் மாலதியைப் பார்த்துவிட்டாள். மடியில் ஆறு வயசுப் பையன். கழுத்து இன்னும் நிற்கவில்லை.

"சிஸ்டர்! அன்னைக்கு நீங்க இல்லன்னா இவன் இல்ல சிஸ்டர்" என்று மாலதி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதே கை.

லோகநாயகிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். திட்டட்டும், அறையட்டும், போலீசுக்கே போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலதி திட்டவில்லை. பையன் வாயில் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப, சேனையால இல்லையா சிஸ்டர்?"

"இல்லம்மா. என்னாலதான்."

"எங்கண்ணன நான் வாசப்படி ஏத்தவே இல்ல. வருஷா வருஷம் பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கிட்டு வந்து தெருவுலயே நிப்பாரு. எம்புள்ளயக் கெடுத்த கைன்னு சொல்லித் துரத்தி வுட்டுடுவேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல." மாலதி சிஸ்டரின் கையை இன்னும் விடவில்லை. "போன தை மாசம் நெஞ்சு வலியில போயிட்டாரு. கடைசி வரைக்கும், தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு சிஸ்டர். இத இப்ப அவருகிட்ட யாரு போயி சொல்றது?"