கொம்பில்லா மானுக்கு ஒரு பர்மிட்

மான்களைக் குறைக்கும் தொழிலில் துப்பாக்கி பிடிப்பவனை விட, கவுண்டரில் பேனா பிடிப்பவனிடம் தான் கதை அதிகம் சேரும். நியூஜெர்சியின் வடமேற்கு மூலையில், வேட்டைச் சாமானும் தூண்டில் புழுவும் விற்கும் ஒரு கடையில் ஏழு சீசன் அந்தப் பேனாவைப் பிடித்தவன் நான்.

2002-இல் என் கம்ப்யூட்டர் வேலை போனது. கிரீன் கார்டு கையில் இருந்ததால் மூட்டை கட்டவில்லை. ஆறு மாதம் ரெஸ்யூமே அனுப்பி ஓய்ந்த பிறகு, 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்து இந்தக் கடைக்குள் நுழைந்தேன். முதலாளி வால்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எழுத்து புரியற மாதிரி எழுதுவியா?" அந்தப் பக்கம் மான்கள் பெருகித் தோட்டங்களை மேய்ந்தன, ரோட்டில் கார்களில் மோதின. கொம்புள்ள ஆண் மானை எத்தனை சுட்டாலும் கூட்டம் குறையாது, பெண் மான் குறைந்தால் தான் குறையும் என்பது அரசாங்கத்தின் வாதம். அதனால் கொம்பில்லாத மானுக்குத் தனி பர்மிட். அதை எழுதிக் கொடுப்பதும், சுட்ட மானை அன்றைக்கே கொண்டு வந்து காட்டும்போது பதிந்து டேக் கட்டுவதும் என் வேலை. படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று என்று எங்காவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள் தான்.

குட்டி பிழைக்கும்

முதல் வருஷம், அக்டோபர். வில்-அம்பு சீசன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தன் முதல் மானைப் பிக்கப் டிரக்கில் கொண்டு வந்தாள். அன்று வனவிலங்குத் துறையிலிருந்து ஓர் இளைஞனும் வந்திருந்தான். பல்லைப் பார்த்து வயது சொல்வான், மடியை அழுத்திப் பார்ப்பான், நான் எழுதிக்கொள்வேன். அழுத்தினான். அவன் கையுறையில் பால் கசிந்தது.

"இது என்ன எழுதறீங்க?" என்று அவள் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். நான் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். என் வீட்டில் அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. அந்தப் பையன் தான் பக்குவமாகச் சொன்னான்: இந்த மாதத்தில் குட்டி இலை தழை தின்னப் பழகியிருக்கும், தாய் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும், கவலைப்பட வேண்டாம் என்று. அவன் சொன்னது உண்மை தான். அவள் மானின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி, நான் குழந்தைகள் வார்டு நர்ஸ். 'பிழைச்சுக்கும், கவலைப்படாதீங்க'ன்னு எந்தக் குரல்ல சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

அத்தாவின் ஆபீஸ்

மூன்றாவது சீசனில் என் மூத்த மகள் ஆயிஷாவுக்கு ஒன்பது வயது. பெற்றோர் பள்ளிக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாள் ஒன்று வைத்திருந்தார்கள். கவுண்டரில் பேசிப் பேசி எனக்கும் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. வால்டரிடம் கேட்டு மான் தாடைகள் நான்கைக் கழுவி, காயவைத்து, ஒரு பலகையில் வரிசையாக ஒட்டினேன். குட்டி, ஒரு வயது, இரண்டு வயது, கிழடு. பல் தேய்மானத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம்.

பலகையை அவளிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்தாள். பிறகு, "அத்தா, யூ டோன்ட் ஹாவ் டு கம்," என்றாள். ஏம்மா என்றேன். ஃபிரெண்ட்ஸ் எல்லாரிடமும் அத்தா இன்னும் பழைய கம்ப்யூட்டர் ஆபீஸில் தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாளாம். என் மனைவி நஸ்ரீன் அவளை அதட்ட வாய் எடுத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பொய் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. "பட் யூ செட் இட் வாஸ் டெம்பரரி, அத்தா!"

பலகையைக் கடைக்கே திருப்பிக் கொண்டு போய்விட்டேன்.

ஆப்பிள் பறிக்கப் போனவர்கள்

2006 என்று நினைவு. சல்வார் மேல் கனத்த கோட் போட்ட ஒரு பெண், கடைக்குள் வந்து துப்பாக்கி அலமாரிகளுக்கு நடுவே திகைத்து நின்றாள். என் சட்டையில் 'பஷீர்' என்ற பெயரைப் பார்த்து, நான் வால்டரிடம் பேசிய உச்சரிப்பையும் கேட்டு, "பாய், நீங்க தமிழா?" என்றாள். பெயர் வைதேகி, எடிசன் நகரிலிருந்து தனியாக டிரைவ் பண்ணி வந்திருக்கிறாள்.

"கொம்பில்லாத மானுக்குப் பர்மிட் இங்க தான் தருவாங்களா? எனக்கு ஒண்ணு வேணும்."

யாருக்கு என்றேன். தனக்குத் தான் என்றாள். சுடுவதற்கு இல்லை, வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள. அப்படி ஒருவர் வாங்கி வைத்தால் ஒரு மான் தப்பிக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. போன வருஷம் புருஷன், பிள்ளையோடு இந்தப் பக்கம் ஆப்பிள் பறிக்க வந்திருக்கிறார்கள். திரும்பும்போது சோளக்கொல்லையிலிருந்து ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் மரத்தில் மோதியது, டிரைவர் பக்கம். "எனக்கும் பையனுக்கும் ஒண்ணும் ஆகலை. அது என் ஜன்னல் கிட்ட நின்னு பார்த்துச்சு, பாய். கொம்பு இல்லை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவர் காப்பாத்தினது, அதுவாவது இருக்கட்டும்."

வேட்டை லைசென்ஸ் இல்லாதவருக்குப் பர்மிட் எழுத முடியாது. அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வட்டாரத்தில் பர்மிட்டுக்கு உச்சவரம்பே கிடையாது, ஒருவர் வாங்கி வைத்தால் இன்னொருவருக்குக் குறையாது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவு தான். அவள் தலையாட்டினாள். கவுண்டர் மேல் சும்மா கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் படித்தாள். நாங்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பது. மான் குறுக்கே வந்தால் வண்டியைத் திருப்பாதீர்கள், பிரேக் போட்டு நேராகவே போங்கள் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் பாய் எங்க வீட்டுக்கு யாரும் அனுப்பலை?"

முன் வாசல்

எட் என்று ஒருவர். வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனியில் அதிகாரி. ஒவ்வொரு சீசனும் இரண்டு பெண் மான் சுட்டு, கறியைச் சர்ச் நடத்தும் இலவச உணவுக் கூடத்துக்குக் கொடுத்துவிடுவார். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டுவார். எங்கள் முறைப்படி அறுக்காததைச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லியும், மறந்துபோய் அடுத்த வருஷமும் நீட்டுவார். நல்ல மனுஷர்.

2008 டிசம்பரில் வந்தார். சவரம் செய்யாத முகம். அவர் கம்பெனி மூடியதைப் பேப்பரில் பார்த்திருந்தேன். அந்த வருஷம் பலர் கொம்பைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள், கறிக்காகத் தான் வந்தார்கள். எட் மூன்று நாள் காட்டில் உட்கார்ந்தும் ஒரு மான்கூட வரவில்லையாம். பர்மிட்டை என் முன்னால் வைத்துவிட்டு, உணவுக் கூடம் எந்தக் கிழமை திறக்கும் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாததா, வருஷா வருஷம் போகிறவராச்சே என்றேன். கேட்ட பிறகு தான் எனக்கு உறைத்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கறியை இறக்கற பின் வாசல் தான் எனக்குத் தெரியும், பஷீர். வரிசையில நிக்கிறவங்க எந்தப் பக்கமா வருவாங்க?"

அடுத்த வருஷம் டெக்சாஸில், இர்விங்கில் ஒரு கம்ப்யூட்டர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினோம். ஏழு சீசன் நான் எழுதிக் கொடுத்த பர்மிட்களுக்குப் பிறகும், கிளம்பிய அன்று காலை எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் ஓரத்தில் ஐந்து பெண் மான்கள் நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தால், அந்த ஊரில் எங்களால் குறைக்க முடிந்தது மான்களை இல்லை என்று தான் தோன்றுகிறது.